வாடைக்காலத்தில் கரையேற்றிய கப்பல்

தூரிகையின் நுனி பலகையில் இறங்கி, ஒரு சுழி போட்டு நின்றது. பலகை தீப்பெட்டி அகலம்கூட இல்லை. எழுத்து ஈர்க்கின் தடிப்பைத் தாண்டக்கூடாது. இடது கையை மேசையில் ஊன்றி, அதன்மேல் வலது கையைத் தாங்கிக்கொண்டு, அடுத்த எழுத்தை ஒரே இழுப்பில் இழுத்தாள்.

வல்வெட்டித்துறையில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிறவள் சிவகௌரி. தகப்பனின் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ரில் தானாகவே பழகினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவள் வேங்கைநாச்சி என்னும் கப்பல் தலைவி. சுதாகரன் வீட்டில் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதையாக ஆடும் ஆட்டம் அது. ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். அந்த உலகத்தின் புயலும் பூதமும் சந்தை விலையும் சுதாகரனின் வாயிலிருந்துதான் வரும்.

போன வருடம் வேலை குவிந்ததால் சில கிழமைகள் அவள் போகவில்லை. திரும்பிப் போனபோது நாச்சியிடம் கப்பல் இல்லை.

"நீங்கள் வராத நாளெல்லாம் நாச்சி சத்திரத்திலை சாப்பிட்டுப் படுத்தா, கௌரியக்கா. சீவனச் செலவு கட்டேல்லை. சத்திரக்காரன் கப்பலைப் பிடிச்சு வித்திட்டான்," என்றான் சுதாகரன்.

"நான்தான் வாங்கினனான். கருவாட்டு விலைக்கு," என்று சிரித்தான் சயந்தன். உடுப்பிட்டியில் போன் கடை வைத்திருப்பவன், ஆட்டத்தில் இளவரசன்.

மேசையில் நின்ற மரக்கப்பல் சிவகௌரி செதுக்கியது. அதில் அவள் எழுதிய 'கடலரசி' என்ற பெயரைக் கத்தியால் சுரண்டிவிட்டு, 'சயந்தன் எக்ஸ்பிரஸ்' என்று பேனையால் கிறுக்கியிருந்தான்.

"சட்டம் சட்டம்தானே, அக்கா," என்றான் சயந்தன்.

"ஓம் தம்பி. சட்டம் சட்டம்தான்."

கப்பல் போன வழியாலேயே திரும்பி வரவேண்டும் என்று அன்றே முடிவெடுத்தாள்.

இரண்டு சாகசங்களுக்கு இடையில் அந்த உலகத்தில் சில மாதங்கள் கழியும். அந்த இடைவெளியில் எப்படிச் சீவிக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று சுதாகரன் ஒவ்வொருவரிடமும் கேட்பான். சயந்தனுக்கு அதில் பொறுமை கிடையாது. "அரண்மனை. விருந்து. கெதியா அடுத்த சண்டைக்குப் போவம்."

சிவகௌரியின் பதிலும் மாறாது. "குதிரை லாயத்திலை படுக்கிறன். கஞ்சி குடிக்கிறன். துறைமுகத்திலை கூலிக்குப் போறன்."

சேர்ந்த காசில், துறைமுகத்தில் கப்பல் இழுத்தேற்றக்கூடிய ஒரே மணற்கரையை நாச்சி குத்தகைக்கு எடுத்தாள்.

"வெறும் மணலை வச்சு என்ன செய்யப்போறா? நண்டு பிடிக்கவோ?" என்றான் சயந்தன்.

அவள் வாடைக்காற்றுக்காகக் காத்திருந்தாள். வாடை வீசினால் வள்ளங்களை மணலில் இழுத்தேற்றிவிடவேண்டும். சுதாகரனும் இந்தக் கரையில் பிறந்தவன். அவன் கற்பனை செய்த கடலிலும் வாடை வீசாமல் இராது. ஒரு ஞாயிறு அது வந்தது.

"இனி மூண்டு மாசம் வாடைக்காலம். கடல் கொந்தளிக்கும். என்ன செய்யிறியள்?"

"அரண்மனை. விருந்து," என்றான் சயந்தன்.

"கப்பல்?"

"அது நிக்குதுதானே. நிக்கட்டும்."

வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்தவனுக்குக் கப்பலும் லொறியும் ஒன்றுதான். சிவகௌரி பகடையைத் தள்ளி வைத்தாள். "ஆளில்லாமல் அலையிலை அடிபடுற கப்பலை நாச்சி தன்ரை மணலிலை இழுத்து ஏத்திறா. காவலும் போடுறா."

மேசையில் மூன்று மாதமும் ஒரு நொடியில் முடிந்தது. கப்பலைத் தேடி இளவரசன் வந்தான். ஏற்றுகூலி, மணல் வாடகை, காவற்கூலி என்று சுதாகரன் அடுக்கினான். இளவரசனின் மடி விருந்திலேயே காலியாகியிருந்தது.

"உது அநியாயம், அண்ணை."

"சத்திரக்காரனுக்கு ஒரு சட்டம், நாச்சிக்கு ஒரு சட்டமோ?" என்றான் சுதாகரன்.

சயந்தன் சிவகௌரி பக்கம் திரும்பினான். "அக்கா, அடுத்தமுறை கட்டிறனே."

"வேண்டாம் தம்பி. நான் வாங்கிறன். கருவாட்டு விலைக்கு." ஒரு வருடமாக வாய்க்குள் வைத்திருந்த சொல் அது. மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அவன் மரக்கப்பலை அவளிடம் தள்ளினான்.

"அங்கையே இருக்கட்டும். வாற கிழமை பேர்ப்பலகை எழுதிக்கொண்டு வாறன். சுரண்டின கைதான் ஒட்டவேணும்."

அந்தப் பலகையில்தான் இப்போது கடைசி எழுத்தை முடித்தாள். மறுநாள் எல்லாரும் பார்த்திருக்க, பசைப் போத்தலைச் சயந்தனின் முன்னால் வைத்தாள். அவன் எட்டிப் பார்த்தான். மேலே 'கடலரசி'. கீழே, இன்னும் சின்ன எழுத்தில், 'சயந்தனிடமிருந்து மீட்டது'.

"உதையும் நானோ ஒட்டவேணும்?"

"ஓம். கோணாமல் ஒட்டு," என்று பலகையை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.