பாத்திரக் கூடையில் கிடந்த டிஸ்க்

மும்பைச் செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி காம்பவுண்டுக்குள் ஒன்பது பழைய துணிக்கூடைகள் கம்பங்களில் கட்டப்பட்டிருக்கின்றன. டிஸ்க் கோல்ஃப் என்பது இவ்வளவுதான்: ஒரு பிளாஸ்டிக் டிஸ்க்கை வீசி, ஒவ்வொரு கூடையிலும் விழவைக்க வேண்டும். ஒன்பதுக்கும் சேர்த்துக் குறைவாக வீசுகிறவருக்கு வெற்றி. ஆடுவது நானும் எதிர் ஃப்ளாட்காரரும். ஞாயிறு காலை ஏழு மணி. நோட்டுப் புத்தகம் என் பொறுப்பு. அதில் பத்தொன்பது ஞாயிறுகள் பதிவாகியிருந்தன. பத்தொன்பதிலும் நான் தோற்றிருந்தேன்.

அதன் முதல் பக்கத்தில் விதிகளை எழுதியதும் நான்தான். முதல் விதியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருக்கிறேன்: டிஸ்க் எங்கே கிடக்கிறதோ அங்கிருந்தே அடுத்த வீச்சு. அதன்படி ஒரு மழைநாளில், நிறுத்தியிருந்த காருக்கு அடியில் படுத்து வீசும்படி எதிர் ஃப்ளாட்காரரிடம் சொன்னேன். படுத்தார், வீசினார். சட்டைக் கறை போகவில்லை என்று இன்றும் சொல்லிக் காட்டுவார்.

இருபதாவது ஞாயிறு அவர் முப்பத்து நான்கு வீச்சில் முடித்துவிட்டார். நான் முப்பத்தொன்றில் நின்றேன். பாக்கி, பி விங் கட்டடத்தின் சுவரோரம் இருந்த ஒன்பதாவது கூடை மட்டும். இரண்டு வீச்சில் போட்டால் எனக்கு முதல் வெற்றி. உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு வீசினேன். டிஸ்க் அழகாக வளைந்து போய், அந்தக் கட்டடத்து மூன்றாம் மாடி மாமி, காய்கறி விற்கும் பாஜிவாலாவுக்காகக் கயிற்றில் இறக்கியிருந்த கூடைக்குள், கொத்தமல்லிக் கட்டின் மேல் உட்கார்ந்தது. மாமி ஃபோனில் பேசிக்கொண்டே கயிற்றை இழுத்தார்.

"மாமி! மாமி!"

கூடை மேலே போய்விட்டது.

"என்ன சார், ரூல் நம்பர் ஒண்ணு?" என்றார் எதிர் ஃப்ளாட்காரர். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "ஏறுங்கோ. லிஃப்ட் பந்த், படிதான்."

ஏறினேன். மாமி கதவைத் திறந்தார்.

"அது உங்களோடதா? ஏதோ டப்பா மூடின்னு நெனச்சு, சோப்பு போட்டுத் தேச்சு கவுத்துட்டேனே!"

சிங்க் பக்கத்துப் பாத்திரக் கூடையில், இரண்டு டம்ளர்களுக்கு நடுவே டிஸ்க் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்கே கெடக்கு?" கீழிருந்து குரல்.

ஜன்னலோரம் என்று சொல்லியிருக்கலாம். மாமி காட்டிக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் நோட்டுப் புத்தகம் என் கையிலேயே இருந்தது.

"பாத்திரக் கூடையிலே!"

"அப்ப அங்கேர்ந்தேதான்!"

சிங்க்கிலிருந்து ஜன்னல் கிரில்லின் திறப்பு ஏழடி தூரம். திறப்பின் அகலம் இரண்டு சாண்.

"குக்கர்ல படாம வீசுங்கோ" என்றார் மாமி.

குக்கரில் படவில்லை. கிரில்லில் டங்கென்று மோதி, ஜன்னலடியில் இருந்த அதே காய்கறிக் கூடையில், அதே கொத்தமல்லியின் மேல் விழுந்தது. முப்பத்து மூன்று. வெற்றி போயிற்று.

"போறும். எனக்கு சாம்பார் பொங்கறது." மாமி கொத்தமல்லியை மட்டும் எடுத்துக்கொண்டு, டிஸ்க்கோடு கூடையை வெளியே இறக்கினார். இறக்கும்போது கயிற்றைக் கொஞ்சம் ஆட்டினார். கொஞ்சம் அல்ல. ஒன்பதாவது கூடைக்கு ஐந்து தப்படியில் அது தரையைத் தொட்டது.

"மாமி, இது சீட்டிங்!" என்று கீழிருந்து கத்தினார் எதிர் ஃப்ளாட்காரர்.

"என்ன சீட்டிங்? டிஸ்க் கூடையிலே கெடக்கு, கூடை அங்கே கெடக்கு. நீங்க காருக்கடியிலே படுத்த அன்னிக்கே பி விங் முழுக்க அந்த ரூல் தெரியும்!"

எதிர் ஃப்ளாட்காரர் போய்க் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சரி, இறங்கி வாங்கோ சார்."

மூன்று மாடி இறங்கி, காய்கறிக் கூடையருகே நின்று வீசினேன். விழுந்தது. முப்பத்து நான்கு.

'சமம்' என்று எழுதி அவரிடம் நோட்டை நீட்டினேன்.

"தோக்கலேங்கறதுக்கு சாட்சிக் கையெழுத்தா?" என்று கேட்டுவிட்டுப் போட்டார். பிறகு டிஸ்க்கை மூக்கருகே கொண்டுபோனார். "எலுமிச்சை வாசனை. அடுத்த வாரம் என்னோடதையும் மாமிகிட்டயே அனுப்பிடறேன்."