பத்துக்கு மேல் ஏற்காத கட்டம்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரிக்கு செல்போன் ஆப் செய்து கொடுத்தேன். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் இறங்கும் முன், மேஸ்திரி உள்ளே மீட்டரை விட்டு விஷவாயுவை அளந்து, வந்த எண்ணை ஆப்பில் போட வேண்டும். பத்துக்குள் இருந்தால் திரையில் பச்சைச் சீட்டு வரும், இறங்கலாம். தாண்டினால் 'அபாயம்' என்று வரும்.

முதல் மாதம் மேஸ்திரிகள் புள்ளியை விட்டுவிட்டு 3.2-ஐ 32 என்று போட்டுத் தள்ளினார்கள். பதிவெல்லாம் அபாயம். தோல் வாங்கும் வெளிநாட்டு ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு மேனேஜரைக் குடைந்தார்கள்.

"ஒரே பேஜாரா போச்சுப்பா. பத்துக்கு மேல வாங்காத மாதிரி பண்ணிடு" என்றார் அவர்.

சத்துவாச்சாரியில் என் வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் முடித்தேன். பத்தைத் தாண்டினால் கட்டம் சிவக்கும், 'சரியான எண்ணைப் போடவும்' என்று வரும். அதில் எனக்குப் பெருமை வேறு. நிஜமாகவே வாயு பத்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. படித்த முட்டாள் என்பது என்னைத்தான்.

இரண்டு வாரம் கழித்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேஸ்திரி ஒருவர் ஃபோனில் கூப்பிட்டார்.

"தம்பி, நாப்பத்தாறு போட்டா வாங்க மாட்டேங்குது."

"புள்ளிய வுட்டிருப்பீங்கணா. நாலு புள்ளி ஆறு போடுங்க."

"மீட்டர்ல புள்ளி ஒண்ணும் தெரிலயே."

"சின்னதா இருக்கும்ணா. போடுங்க, வாங்கிக்கும்."

வாங்கிக்கொண்டது. இறங்கியவர் ஆலங்காயத்துக்காரர், இரண்டு பெண்பிள்ளைகளின் அப்பா. பாதி ஏணியிலேயே விழுந்துவிட்டார். மேலே தூக்கும்போது உயிர் இல்லை.

அன்று மாலையே ஆப்பைப் பழையபடி மாற்றினேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் அதைச் சொல்லவில்லை, அந்த ஃபோனையும் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன. அவர் பதிவில் 4.6-ஐப் பார்த்தார். ஆப்பில் குறையில்லை என்று எழுதிக்கொண்டார்.

மேஸ்திரிக்கு வேலை போனது. கேட்டுக்கு வெளியே என்னிடம் வந்தார். சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன்.

"நான்தான் தப்பா படிச்சிருக்கேன் தம்பி. இன்னா படிச்சேன்னே இப்ப தெரில. என் கண்ணால ஒருத்தன் போய்ட்டான்" என்றார்.

அவர் சரியாகத்தான் படித்திருந்தார்.

"கண் டாக்டரைப் பாருங்கணா" என்றேன்.