தொட்டி யுக்காவுக்கு எவ்வளவு தண்ணீர்

என் அண்ணிக்குக் கோபம் வந்தால் சத்தமே வராது. அதுதான் ஆபத்து.

பதினோரு வருஷமாக ஓர் அலுவலகத்தில் தோட்ட வேலை அவளுக்கு. அதே இடத்தில் எனக்குத் துப்புரவு வேலை. வரவேற்பறையில் அவள் வளர்த்த ஒன்பது யுக்கா செடிகள் தொட்டிகளில் ஆளுயரத்துக்கு நின்றன. பாதிக்குப் பாதி மணல், ஜன்னலோர வெயில், விரலை விட்டுப் பார்த்து அடிமண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். அடியில் முளைத்த கன்றுகளைப் பிரித்து வாசல் மேட்டில் நட்டாள். அவற்றில் பாதியை வெளியே விற்றுவிட்டாள் என்று மேலாளரின் மச்சான் கதை கட்டினான். அவள் வேலையின் மேல் அவனுக்குக் கண். எல்லோர் முன்னாலும் “திருடி” என்றான். அத்தனையையும் நட்டபோது மண்வெட்டி பிடித்தவளே நான்தான். வேலை போய்விடுமென்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மேலாளர் அண்ணியை நிறுத்திவிட்டு அவனை வைத்தார். அவளுடைய கடைசி நாள் அவன் கேட்டான். “தண்ணி எப்படி ஊத்தணும்?”

அண்ணி காவலாளியைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டாள். “பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை. கீழ்த்தட்டுல தண்ணி நிக்கக் கூடாது.”

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “எதுக்கு அண்ணி அவனுக்குப் போய் உண்மையச் சொன்னீங்க?”

“பொய் சொன்னா பழி என் மேல வரும். என்னைத் திருடின்னு நினைக்கிறவன், நான் சொன்னதுக்கு நேர்மாறாத்தான் செய்வான். பாரு.”

பார்த்தேன். தினமும் வாளி வாளியாக ஊற்றினான். இலை மஞ்சளானதும் தாகம் என்று நினைத்துச் சாயங்காலமும் ஊற்றினான். தளும்பிய தண்ணீரைத் துடைத்தது நான்தான். சந்தோஷமாகத் துடைத்தேன். இரண்டாம் மாதம் ஒரு தண்டு சாய்ந்து மேலாளரின் காலடியில் விழுந்தது. அழுகிய வேரின் நாற்றம் மாடி வரை போனது.

மேலாளர் அண்ணியை வரவழைத்தார். “தப்பாச் சொல்லிக் குடுத்தியாம்மா?”

“பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவைன்னாங்க சார்” என்றார் காவலாளி.

மச்சான் தலையைச் சொறிந்தான். “பொய் சொல்றாள்னு நினைச்சேன் மாமா.”

மேலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. “நாளையிலேருந்து நீயே வந்துடும்மா.”

“வர்றேன். அன்னைக்கு இருந்த எல்லாரையும் கூப்பிடுங்க. நான் திருடலன்னு இவர் சொல்லட்டும்.”

எல்லோரும் வந்தார்கள். அவன் முனகினான்.

“கேக்கல” என்றாள் அண்ணி.

உரக்கச் சொன்னான். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

“அன்னைக்கு நீயும்தான் நின்னே. இப்ப நீ சொல்லு.”

சொன்னேன். அவனுக்கு வந்த சத்தம்கூட எனக்கு வரவில்லை.