ஏழு நாள் பத்தியம்

மகளுக்கு ஒன்றரை வயதானபோது, பாதியில் விட்ட பி.எட். படிப்பை மறுபடி தொடங்கினேன். இன்னொரு பிள்ளை வந்தால் படிப்பு அவ்வளவுதான் என்று தெரியும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியைக் கேட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

மாதவிலக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் நர்ஸம்மா ஊசி போட்டார். “இன்னிலேர்ந்து ஏழு நாளைக்கு ஊசிய மட்டும் நம்பிடாதீங்க. அவர ஆணுறை போட்டுக்கச் சொல்லுங்க” என்றார். அவரிடம் இருந்தவை தீர்ந்துவிட்டதால் கடையில் வாங்கச் சொன்னார்.

அந்த வேலையைக் கணவரிடம் ஒப்படைத்தேன். தக்காளி ஏற்றிக்கொண்டு தினமும் பாலக்கோடு மண்டிக்குப் போகிறவர். எடையில் சந்தேகம் வந்தால் மண்டியே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போடுவார். முதல் நாள் இருமல் மருந்தோடு வந்தார். மருந்துக்கடையில் இருந்தது பங்காளியாம். மறுநாள் வேறு கடைக்குப் போய்க் குழந்தை பவுடர் வாங்கி வந்தார். அங்கே கூடப் படித்தவனின் தங்கை நின்றாளாம். மூன்றாம் நாள் தலைவலித் தைலம். வீட்டில் யாருக்கும் தலைவலி இல்லை.

பாயைக் கூடத்தில் போட்டுப் படுத்துக்கொண்டார். எங்களுக்குள் சண்டை என்று நினைத்து மாமியார் எனக்குப் புத்தி சொன்னார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான்காம் நாள் பெங்களூருக்கு லோடு என்று கிளம்பிவிட்டார். எட்டாம் நாள் காலையில் வந்து, ஏதோ வீரச் செயல் போல ஒரு பொட்டலத்தை நீட்டினார். அங்கே யாருக்கும் அவரைத் தெரியாதாம். கெடு நேற்றோடு முடிந்துவிட்டது என்றேன். அவர் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லியே மூன்று மாதம் ஓட்டினேன்.

இரண்டாவது ஊசிக்கு அவரே வண்டியை எடுத்தார். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று மாமியார் வாசலில் கேட்டார். அடுத்த பேரப்பிள்ளை எப்போது என்று வாரம் தவறாமல் கேட்கிறவர் அவர். நான் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். போதாததற்கு, கடை திறக்கப் போன அந்த மருந்துக்கடைப் பங்காளியும் எங்கள் வாசலருகே வண்டியை நிறுத்தி நின்றார்.

“கருத்தடை ஊசி போடத்தாம்மா. இவ டீச்சரா ஆவட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் கணவர், மண்டியில் பேசுகிற அதே குரலில்.

அன்று வழியெல்லாம் அவரைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.