பேசுவதற்கு இன்னும் ஆள் இருக்கிறது

வெர்லீன் டாகின்ஸ் பகலில் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிறவள். மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை மாலைகளில் கார்வெல் நகரப் போலீஸையே நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறவள். போலீஸ் கண்காணிப்பு ஆணையத்தில் ஏழு பேர். எல்லோரும் ஊர்க்காரர்கள்தான். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். இந்த வருடம் வெர்லீன்தான் தலைவர்.

அவள் அங்கே போனது பெருமைக்காக அல்ல. கடையில் பக்கத்து நாற்காலியில் வேலை செய்யும் எர்னஸ்டைனின் கணவன் கிளைட், ரொட்டி வாங்கி வரப் போனவன், நடைபாதையிலேயே செத்தான். பின்விளக்கு எரியாத ஒரு காரைப் போலீஸ் விரட்ட, மிரண்டுபோன அந்தக் கார் நடைபாதையில் ஏறிவிட்டது. ஒரு விளக்குக்காக ஒரு மனிதன்! இதைக் கேட்டு வயிறு எரியாதவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

அன்றைக்கு அந்த விவகாரம்தான் வாக்கெடுப்புக்கு வந்திருந்தது. உயிருக்கு ஆபத்தான குற்றம் தவிர வேறு எதற்காகவும், வீடுகள் உள்ள தெருக்களில் போலீஸ் காரை விரட்டக் கூடாது. இந்த ஒரு விதியை மேஜைக்குக் கொண்டுவரவே அவளுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆதரவு நான்கு பேர், எதிர்ப்பு மூன்று. ஆனால் அந்த நான்காவது ஆளைக் காணோம். ஓடெல் ஸ்டப்ஸ் நகரப் பேருந்து ஓட்டுநர். பனியில் அவர் வண்டி பாலத்தில் மாட்டிக்கொண்டது என்று செயலாளர் வந்து வெர்லீனின் காதில் சொன்னார்.

ஆணையத்தில் எதிர்ப்பவர்களின் தலை, வக்கீல் ஹாலோரன். காலி நாற்காலியைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூன்றுக்கு மூன்று வந்தால் தீர்மானம் தோற்றதாகக் கணக்கு. தோற்றது ஒரு வருடத்துக்கு மறுபடி வர முடியாது.

"தலைவரம்மா, எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டாமா? வாக்கெடுப்ப ஆரம்பிச்சிரலாமே" என்றார் தேனொழுக.

தலைவர் இஷ்டத்துக்குத் தள்ளிப்போட முடியாது. ஆனால் பொதுமக்கள் பேசி முடிக்காமல் வாக்கெடுப்பும் நடத்த முடியாது. ஆளுக்கு இரண்டு நிமிடம், அது ஊர்ச்சட்டம்.

"பேச வேண்டியவங்க யாராச்சும் மிச்சம் இருக்கீங்களா?" என்று கேட்டு, சபையை ஒரு பார்வை பார்த்தாள். ஈரத்தலையோடு நாற்காலியில் இருப்பவளை 'எழுந்திரிச்ச, அவ்வளவுதான்' என்று மிரட்டும் பார்வை அது. சபையில் பாதிப் பேர் அவளிடம் தலையைக் கொடுத்தவர்கள். அவர்களுக்குப் புரியாதா? மளமளவென்று மைக் முன்னால் வரிசை நின்றது.

முதலில் தேவாலயத்து மூப்பர் பர்விஸ். "என் பச்சைக் காரை ஒருத்தன் திருடிட்டான். போலீஸ் விரட்டல. பெட்ரோல் தீந்ததும் அவனே நிறுத்திட்டுப் போயிட்டான். ஒரு கீறல் இல்ல! விரட்டியிருந்தா எனக்கு ஸ்டியரிங் மட்டும்தான் வந்திருக்கும். அந்தக் காரை நான் வாங்கின கதை என்னன்னா..."

"இதுக்கும் தீர்மானத்துக்கும் என்ன சம்பந்தம்?" ஹாலோரன் குதித்தார்.

"கார் வருதே தம்பி, கதையில" என்றார் பர்விஸ். சபை கொல்லென்று சிரித்தது.

அடுத்து தேவாலயப் பாட்டுக்குழுப் பெண்கள், ஒருவர் பின் ஒருவராக. ஒருத்தி தன் தெருக்காரர்களின் பெயர்களை எல்லாம் வீடு வீடாகச் சொன்னாள். "இவங்கல்லாம் நடக்கிற தெரு ஐயா அது. இதுல யார் செத்தாப் பரவாயில்லன்னு நீங்களே சொல்லுங்க." ஹாலோரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசியில் வரிசை தீர்ந்தது. ஓடெல் வரவில்லை. வெர்லீன் வாயைத் திறக்கப்போன நேரம், எர்னஸ்டைன் எழுந்தாள். இதுவரை ஒரு கூட்டத்திலும் அவள் பேசியதில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

"அவங்கதான் பேசலியே. முடிச்சிரலாம்" என்றார் ஹாலோரன்.

"அது அவளோட நேரம், மிஸ்டர் ஹாலோரன்" என்றாள் வெர்லீன். "பேசுவா, அழுவா, சும்மா நிப்பா. நீங்க உக்காருங்க."

எர்னஸ்டைன் மெதுவாகச் சொன்னாள். "கிளைட்டுக்கு ரொட்டியோட ஓரம்தான் பிடிக்கும். நான் இன்னும் ஓரத்த எடுத்து வெச்சிட்டே இருக்கேன்."

அவள் திரும்பும்போது கதவு படாரென்று திறந்தது. சீருடையும் தொப்பியும் பனியுமாக ஓடெல். "பாலத்துலேர்ந்து நடந்தே வந்தேன். வண்டிய வேற ஓட்டுநர்கிட்ட குடுத்துட்டேன். எங்க என் நாற்காலி?"

நான்குக்கு மூன்று. பாட்டுக்குழு எழுந்து நின்று கத்திய கத்தலில் செயலாளர் முடிவை இரண்டு தடவை படிக்க வேண்டியதாயிற்று. வெர்லீனுக்குக் கண் நிறைந்து எதிரில் எதுவும் தெரியவில்லை. துடைக்கவும் இல்லை.

போலீஸ் தலைவர் கிரேடி எழுந்தார். "ஆணையத்தோட முடிவை ஏத்துக்கறேன். நாளைக்குக் காலையில உத்தரவு போயிரும்."

"காலையில எதுக்கு, தலைவரே?" என்றாள் வெர்லீன். "ஜனங்க இப்பவே தெருவுல நடந்துட்டுத்தானே இருக்காங்க."

கிரேடி தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சபை கலையவில்லை. கொஞ்ச நேரத்தில், வாசலில் காவலுக்கு நின்ற இளம் போலீஸ்காரனின் தோளில் மாட்டியிருந்த வயர்லெஸ் கரகரத்தது. "எல்லா வண்டிகளுக்கும்: இந்த நிமிஷத்திலிருந்து, வீடுகள் உள்ள தெருக்களில்..."

எர்னஸ்டைன் எழுந்துபோய் அவன் பக்கத்தில் நின்றாள். அவன் ஒலியைக் கூட்டிவைத்து, அவள் பக்கமாகத் தோளைத் தாழ்த்தினான்.