தட்டு விளிம்பில் ஒரு கொட்டை

த்ரஹோமீரா பொறுமைசாலி என்று எங்கள் பண்ணையில் எல்லாரும் சொல்வார்கள். அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அவளோடு ஒரே மேஜையில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். ஒரு கன்று மரமாகிக் காய்க்கும்வரை வருஷக்கணக்கில் காத்திருந்து, முதல் பழத்தை ஒரே ஒரு கடி கடித்துவிட்டு, "வெட்டிடு" என்று சொல்லி நடையைக் கட்டுகிறவளை எந்த ஊரில் பொறுமைசாலி என்பார்கள்? அவளுக்கு இருந்தது பிடிவாதம்.

எங்கள் பண்ணை செக் நாட்டின் தெற்கு மொராவியாவில், பவ்லோவிட்சேயிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருக்கிறது. புதிய ஆப்ரிகாட் ரகங்களை உருவாக்குவதுதான் வேலை. அவள் ரயில்வே கேட் காவலரின் மகள். தோட்டக்கலைப் பள்ளி முடித்த கையோடு வந்து சேர்ந்தாள். வசந்தத்தில் மொட்டு விரியும் முன்பே இதழையும் மகரந்தப் பையையும் நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, வேறொரு மரத்தின் மகரந்தத்தை விரல் நுனியில் எடுத்துத் தடவ வேண்டும். ஏணியில் நின்றபடி, மூக்கு ஒழுக, குளிர் காற்றில் செய்கிற வேலை. விரல் விறைத்துப் போனால் நான் டீ குடிக்க இறங்கிவிடுவேன். அவள் இறங்கமாட்டாள். இப்படிப் பாடுபட்ட பூவையெல்லாம் ஒரே இரவில் உறைபனி கருக்கிவிட்ட வருஷங்கள் உண்டு. அந்த வாரம் முழுக்கப் பண்ணைத் தலைவர் டாக்டர் ஹவெல்காவே அவள் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

பிடிவாதத்துக்குக் காரணம் அவள் மாமனாரின் தோப்பு. ஓல்டாவை அவள் கட்டிக்கொண்ட மறு வருஷம் அதில் ஷார்கா வந்தது. அது ஒரு வைரஸ். அசுவினிப் பூச்சி அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகும். சில மரங்களில் பழம் கோணலாகிக் கெட்டுப்போகும். சிலவற்றில் பழம் பார்க்க லட்சணமாகவே இருக்கும், உள்ளே கொட்டைதான் காட்டிக்கொடுக்கும். அதன் மேல் வெளிறிய வளையம் விழுந்திருக்கும். மருந்து கிடையாது. வெட்டி எரிக்க வேண்டும், சட்டமும் அதுதான். மாமனார் தன் கையாலேயே தீ வைத்தார். அதற்குப் பிறகு அந்த மனிதர் கடைசிவரை ஆப்ரிகாட்டை வாயில் வைக்கவில்லை.

ஷார்கா அண்டாத ஒரு மரம், அதில் அந்தத் தோப்புப் பழத்தின் ருசி. அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான். நோய் தாங்கும் ரகம் ஒன்று அமெரிக்காவிலிருந்து எங்களிடம் வந்திருந்தது. அதன் பழத்தைத் தின்பதும் ஈரத் துணியை மெல்லுவதும் ஒன்றுதான். அதை எங்கள் ஊர் ரகத்தோடு சேர்த்தாள். பிறந்த கன்றுகளில் ருசி இருந்தால் நோய் வந்தது, நோய் வராவிட்டால் ருசி இல்லை. நல்லதாகத் தோன்றியதை வீட்டுக்குக் கொண்டுபோவாள். ஓல்டா ஒரு வாய் கடித்துவிட்டு ஒவ்வொரு கோடையிலும் ஒரே பாட்டைப் பாடுவான்.

"தண்ணிதான் இருக்கு. எங்கப்பா பழம் எங்கே, இது எங்கே?"

ஓல்டா தபால்காரன். நல்ல சமையல்காரன். வாய் மட்டும் நீளம். அவன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் ஒரு கரண்டியால் அவன் தலையில் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். மறுநாள் அந்த மரம் இருக்காது.

கடைசியில் எட்டாம் வரிசைக் கோடி மரம் வந்தது. நோய் தொற்றுகிறதா என்று பார்க்க, நோயுள்ள மொட்டை எடுத்து அதன் கிளைகளில் ஒட்டுக் கட்டினோம். பூச்சி நோயை வெளியே கொண்டுபோகாதபடி மரத்தைச் சுற்றி வலை கட்டி, ஒவ்வொரு வசந்தத்திலும் இலையை வெயிலில் பிடித்துப் பார்த்தோம். ஒரு கறை இல்லை. ஆய்வுக்கூடமும் சுத்தம் என்றது. ஆனாலும் அவள் நிம்மதியாக இல்லை. "ஒட்டுக் கட்டின மொட்டு செத்துப் போயிருந்தா, ஹெட்விகா? நோயே உள்ளே போகாம இருந்திருந்தா?" என்று என்னைப் போட்டு அரிப்பாள். அவளுக்கு ஓய்வு பெற இன்னும் ஒரே கோடைதான் இருந்தது. இந்த மரம் போனால் அடுத்ததற்கு அவள் இருக்கமாட்டாள்.

ரகத்தைப் பதிவுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய ஜூலையில் குழு வருவதாக இருந்தது. அதற்கு முந்தின ஞாயிறு, அந்த மரத்துப் பழத்தை ஒரு கூடை பறித்து ஓல்டாவிடம் கொடுத்தாள். கொழுக்கட்டை செய்யச் சொன்னாள். எங்கள் பண்ணையில் எந்த ரகமும் கொழுக்கட்டையில் தேறாமல் வெளியே போனதில்லை. மாவுக்குள் முழுப் பழத்தைக் கொட்டையோடு வைத்து வேகவிட்டால் பழத்தின் வேஷம் கலைந்துவிடும். புளித்துக் கூழானால் அந்த ரகம் கதை முடிந்தது.

அவர்கள் வீட்டு மேஜையில் ஓல்டா தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தான். மேலே உருக்கிய வெண்ணெய், சர்க்கரை, உதிர்த்த பாலாடைக்கட்டி. சாப்பிட்டு, கொட்டையைச் சப்பித் தட்டு விளிம்பில் அடுக்கினோம். யார் தட்டில் கொட்டை அதிகமோ அவர் ஜெயித்தவர். ஓல்டாதான் ஜெயித்தான், எப்போதும் போல.

"தண்ணியா இருக்கா?" என்று கேட்டேன்.

"வாயிலே வெச்சுக்கிட்டு என்ன பேச்சு?" என்றான்.

பழம் கூழாகவில்லை. கத்தி பட்டதும் சாறு வழிந்தது, தேன் மணம் வந்தது. நான் த்ரஹோமீராவைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஓல்டாவின் தட்டு விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கொட்டையை எடுத்துத் துணியில் துடைத்தாள். ஜன்னல் ஓரம் கொண்டுபோனாள். பிறகு அதை என் உள்ளங்கையில் வைத்தாள்.

வளையம். தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

ஒரு கொட்டையில் வளையம் என்றால் மரம் முழுக்க நோய். பதிவு கிடையாது, மரம் அடுப்புக்கு. அவள் செருப்பைக்கூட மாற்றாமல் வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

பண்ணையில் அந்த மரத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பழம் பறித்தாள். பிளந்தாள், கொட்டையைப் பாவாடையில் துடைத்தாள், பார்த்தாள், எறிந்தாள். சுத்தம். அடுத்ததும் சுத்தம். புல் முழுக்கப் பிளந்த பழமும் குளவியுமாகிவிட்டது.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு, த்ராஹா" என்றேன்.

"அந்த ஒண்ணு எங்கேருந்து வந்துது? வானத்துலேருந்தா?" அவள் குரல் உடைந்துவிட்டது. "என் கையாலே பறிச்சேன். வேற மரத்தைத் தொடவே இல்லை. கடைசியிலே நானும் மாமனார் மாதிரிதான், நெருப்புப் பெட்டியோட நிக்கப்போறேன்."

அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் அவளைச் சுற்றிக் குளவியை விரட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பினோம். ஓல்டா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். அவள் அந்தக் கொட்டையை மேஜைமேல் வைத்து, "மரத்துக்கு ஷார்கா" என்றாள்.

அவன் கொட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கையைத் துடைத்த துணியாலேயே கழுத்தையும் துடைத்துக்கொண்டான்.

"மாவு மிஞ்சிப்போச்சு" என்றான்.

"என்ன?"

"பழம் தீந்துடுச்சு, மாவு மிஞ்சிப்போச்சு. நல்ல மாவைத் தூக்கிப் போடவா முடியும்? அதான் மேலே போய்க் கொஞ்சம் பறிச்சுட்டு வந்தேன்."

"எங்கே மேலே?"

மேலே என்றால் குன்றுச் சரிவில் இருக்கும் அவனது ஒயின் நிலவறை. அது அவனுடைய ராஜ்யம், அவள் அந்தப் பக்கமே போவதில்லை. நிலவறைக்குப் பின்னால் புதருக்குள் அவன் அப்பா தோப்பின் மரம் ஒன்று எப்படியோ தப்பி நின்றது. வெட்டிவிட்டதாக அவளிடம் எப்போதோ சொல்லியிருந்தான். வெட்டவில்லை.

ஷார்காவோடு மல்லுக்கட்டுகிறவளின் புருஷன் ஷார்கா மரத்தை ஒளித்து வளர்த்திருக்கிறான்! இன்றைக்கு இந்த வீட்டில் கொலை விழும் என்று நினைத்தேன். அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. மறுபடி அழுகிறாள் என்று பார்த்தால், சிரிக்கிறாள்.

"பொய்காரா" என்றாள். "கடவுளே, நல்ல வேளை நீ பொய்காரன்."

நாங்கள் மூவரும் நிலவறைக்கு ஏறினோம். அந்த மரத்துப் பழம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிளந்து பார்த்த பழங்களில் பெரும்பாலானவற்றின் கொட்டையில் வளையம். ஒவ்வொரு வளையத்தைப் பார்க்கும்போதும் அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. எனக்கும்தான். ஒரு நோய் மரத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது எங்கள் தொழிலில் நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும்.

"இது நாளைக்கு இருக்கக்கூடாது, ஓல்டா."

"இருக்காது" என்றான். தலை நிமிரவில்லை.

மறுநாள் நானும் போனேன். அவன் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு மரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். கை ஓடவில்லை. அவன் அப்பாவின் ஞாபகமாக அவனுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். த்ரஹோமீரா ரம்பத்தின் மறு பிடியைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மாறி மாறி இழுத்தார்கள். பாதி அறுத்ததும் மூச்சு வாங்க நிறுத்தினார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன் ஓல்டா, நேத்து அவ்வளவு கொழுக்கட்டையை உள்ளே தள்ளினியே, அதிலே எதெல்லாம் உங்கப்பா பழம்?" என்று கேட்டேன்.

அவன் ரம்பத்தின் பல்லில் ஒட்டியிருந்த மரத்தூளை விரலால் தட்டினான்.

"தெரியலை" என்றான். "சாப்பிடறப்போ, எல்லாமே அவர் பழம்தான்னு நெனச்சேன்."

த்ரஹோமீரா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கல்யாணத்திலிருந்து பாடிய பாட்டு முடிந்துவிட்டது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிடியை இறுக்கினாள்.

"இழு" என்றாள்.