மடிப்பு அக்காவின் இடது மணிக்கட்டு

பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு பெயரும் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளும் சேர்ந்து தேடுவாள். மடிக்கக்கூடிய எதுவும் விரிந்து கிடந்தால் அவளுக்குப் பொறுக்காது. கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே அதை நாலாக மடித்து எடுத்துப் போய்விடுவாள்; மனிதர் பாதிச் செய்தியோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருமுறை பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் சால்வை பின்னால் சரிந்து தொங்கியது. அந்தப் பெண் இறங்கும்போது சால்வை அவள் தோளிலேயே, கடையில் அடுக்கி வைத்தது மாதிரி, கச்சிதமாக மடிந்திருந்தது. இன்றுவரை அவளுக்கு விஷயம் தெரியாது.

ஆனால் பெட்ஷீட்டைத் தனியாக மடிக்க முடியாது. அதற்கு ஜோடி வேண்டும். அக்காவுக்கு ஜோடி தீவுக்காரி. எங்கோ கிழக்கே கடலுக்குள் இருக்கும் தீவிலிருந்து வேலைக்கு வந்தவள், அக்காவைவிடப் பத்து வயது சின்னவள். வந்தபோது தமிழில் ஒரு சொல் தெரியாது. கற்றுக்கொண்டதெல்லாம் அக்காவிடமிருந்து. அக்கா வேலை நேரத்தில் பேசுவது பெரும்பாலும் திட்டு என்பதால் தீவுக்காரியின் தமிழும் அப்படியே அமைந்துவிட்டது. காலையில் வந்ததும் ரொம்ப அன்பாக, “அடியே, இவ்வளவு நேரம் எங்க போய்த் தொலைஞ்ச?” என்பாள். அவளுக்கு அது வணக்கம்.

இருவரும் மடிப்பதைப் பார்த்தால் கண் கலங்கிவிடும், நிஜமாகத்தான். இஸ்திரி உருளையிலிருந்து பெட்ஷீட் சுடச்சுட வெளியே வரும். ஆளுக்கு இரண்டு முனை. பட்டென்று ஓர் உதறு. பிறகு ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து, முனைகளைக் கைமாற்றி, பின்வாங்கி, மறுபடி நடந்து. ஒரு நாளில் தீவுக்காரியை நோக்கி நடக்கும் தூரத்தை அக்கா கல்யாணமான நாளிலிருந்து கணவரை நோக்கி நடந்திருக்க மாட்டாள். கை தானாக வேலை செய்யும். வாய் ஊர்க்கதை பேசும். ஒரு கதைக்கு இத்தனை பெட்ஷீட் என்று ஒரு கணக்கு.

இதில் மண்ணைப் போட வந்தவர் புது மேற்பார்வையாளர். நல்ல பையன்தான், ஆனால் போனில் எதையாவது பார்த்துவிட்டால் அதைச் சலவைக்கூடத்தில் அமல்படுத்தாமல் தூங்க மாட்டார். அன்று சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

“கட்டை விரலையும் சுண்டு விரலையும் ஒட்ட வச்சு மணிக்கட்டை லேசா உள்பக்கம் மடக்குங்க. நடுவுல கயிறு மாதிரி ஒரு நரம்பு எழும்புதா பாருங்க. சில பேருக்கு இருக்கும், சில பேருக்குப் பிறவியிலேயே இருக்காது. இருக்கிறவங்களுக்குப் பிடி பலம் ஜாஸ்தி. அவங்கதான் இனிமே பெட்ஷீட். இல்லாதவங்க தலையணை உறை.”

தலையணை உறை பின்னறையில் தனியாக உட்கார்ந்து மடிக்கிற வேலை. பேச்சுத் துணைக்குச் சுவர்தான்.

கைகள் நீண்டன. நாலைந்து நாடுகளிலிருந்து வேலைக்கு வந்த கைகள். உருளை ஓட்டும் மீசைக்காரருக்கு இரண்டு கையிலும் வீணைத் தந்தி மாதிரி எழும்பியது. ஈரத் துணி மூட்டையைத் தலையணை மாதிரித் தூக்கிப் போடும் வாஷிங் மெஷின்காரருக்கோ இரண்டு கையும் வழவழவென்று பளிங்குத் தரை.

“சரியா மடக்குங்க” என்றார் மேற்பார்வையாளர்.

“இதுக்கு மேல மடக்கினா கையே கழண்டுடும் சார்.”

தீவுக்காரிக்கு இரண்டிலும் இருந்தது. “எங்க ஊர்ல எல்லாருக்கும் இருக்கு. இல்லாதவனைப் பார்த்தா கூட்டம் கூடித் தொலையும்” என்றாள்.

மடிப்பு அக்கா நீட்டினாள். வலது மணிக்கட்டில் கயிறு ஜம்மென்று நின்றது. இடதில் ஒன்றுமே இல்லை.

மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்தார். இப்படி ஒரு வகையைப் பற்றி வீடியோவில் சொல்லவில்லை.

“வலது கையை பெட்ஷீட்டுக்கு அனுப்பிட்டு இடது கையைப் பின்னறைல உட்கார வைக்கலாமே” என்றார் மீசைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கடைசியில் பாதி பலம் பலமில்லை என்று தீர்ப்பானது. தீவுக்காரிக்கு ஜோடி மீசைக்காரர். அக்கா பின்னறைக்கு.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதல் வேலையாகக் கணவரின் கையைப் பிடித்து மடக்கினாள். இரண்டிலும் இல்லை.

“உங்களுக்கும் இல்ல.”

“என்னது இல்ல?”

“நரம்பு.”

“இத்தனை வருஷமா இல்லாமலா உன்கூடக் குடித்தனம் நடத்தறேன்?” என்றார் அவர். ஆனாலும் ரோசம் வந்துவிட்டது. மாடி வீடு, எதிர் வீடு என்று ஒவ்வொருவர் கையாகப் பிடித்து மடக்கிப் பார்த்துவிட்டு, தனக்குக் கட்சி சேர்ந்த திருப்தியில் வந்து படுத்தார். அக்கா மட்டும் ஈரத் துண்டை இடது கையால் பிழிந்து பிழிந்து, எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பின்னறையில் உறை மேல் உறையாக மடித்தாள். வெளியே பட்டென்று உதறும் சத்தம் தப்புத் தப்பாகக் கேட்டது. மீசைக்காரர் நடக்க வேண்டிய நேரத்தில் நின்றார், நிற்க வேண்டிய நேரத்தில் நடந்தார். “எருமை, இந்தப் பக்கம்” என்று தீவுக்காரி சொல்வது கேட்டது. அது அக்கா அவளுக்குச் சொல்லிக்கொடுத்த எருமை. அக்கா மடித்து முடித்த உறையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

அதற்கடுத்த நாள் காலை அவள் நேராக மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்றாள்.

“சார், எனக்கு இடது கையிலயும் வந்துடுச்சு. மறுபடி பாருங்க.”

“அக்கா, இந்த வயசுல எப்படி அக்கா முளைக்கும்?”

“ஞானப்பல் லேட்டா முளைக்கலையா?”

அவர் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. “சரி, காட்டுங்க.”

முந்தின இரவே விளக்குமாற்றிலிருந்து உருவிய குச்சி ஒன்றை அளவாக ஒடித்து, மணிக்கட்டின் நடுவில் வைத்து, மேலே தோல் நிற பிளாஸ்திரி ஒட்டி அக்கா தயாராக வந்திருந்தாள். கையை நீட்டிவைத்தால் அற்புதமாக இருந்தது. மீசைக்காரரின் தந்தியெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. ஒரே ஒரு விஷயத்தைத்தான் அவள் மறந்துபோனாள். மணிக்கட்டை மடக்க வேண்டும்.

மடக்கினாள்.

டக்.

கூடம் முழுக்கக் கேட்டது. மேற்பார்வையாளரின் முகம் பெட்ஷீட் நிறத்துக்கு வந்தது. “ஐயோ, அக்காவுக்கு நரம்பு அறுந்துடுச்சு” என்று அலறிக்கொண்டு மாடிப்படியில் ஓடினார். ஆஸ்பத்திரி என்பதால் டாக்டருக்குப் பஞ்சமில்லை. கை ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மாவை, அவர் டீ குடித்த கையோடு இழுத்து வந்துவிட்டார்.

அதற்குள் தீவுக்காரி பெட்ஷீட்டின் இரண்டு முனையையும் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அடியே, அறிவு இருக்கா உனக்கு? கையை உடைச்சுட்டு என்கிட்ட எப்படி வந்து தொலைவ?” என்று அழுதாள். அக்கா பிளாஸ்திரியை வலது கையால் பொத்திக்கொண்டாள்.

“உட்கார்ந்து தொலைங்க டாக்டர்” என்று தீவுக்காரி மரியாதையாக நாற்காலியை நகர்த்தினாள்.

டாக்டரம்மா பிளாஸ்திரியை உரித்தார். உள்ளே இரண்டு துண்டுக் குச்சி. அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இருபது வருஷ சர்வீஸ்ல விளக்குமாறு முறிஞ்ச கேஸ் இதான் முதல் தடவை.”

அக்கா குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா மேற்பார்வையாளரைத் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, முதல்ல அது நரம்பே இல்ல, தசைநாண். தசையை எலும்போட கட்டுற கயிறு. கிழக்குப் பக்க நாடுகள் பலதுல கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருக்கும். வேற சில ஜனங்கள்ல நிறைய பேருக்கு இருக்காது. ஒரு கையில மட்டும் இருக்கிறதும் சகஜம். வேற இடத்துல தசைநாண் அறுந்து வந்தாங்கன்னா நாங்க இதைத்தான் வெட்டி எடுத்து அங்க வச்சுத் தைக்கறோம். எடுத்த கை அது பாட்டுக்கு வேலை செய்யும். பிடி பலத்துக்கும் இதுக்கும் சொல்லிக்கிற மாதிரி சம்பந்தம் கிடையாது.”

வாஷிங் மெஷின்காரர் ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேற்பார்வையாளரைத் தாண்டிப் போனார்.

“அப்போ நான் ஜோடியை எதை வச்சு டாக்டர் பிரிக்கிறது?” என்றார் மேற்பார்வையாளர். பாவம், உண்மையாகவே கேட்டார்.

“எதுக்குப் பிரிச்சுத் தொலைக்கணும்?” என்றாள் தீவுக்காரி.

அவர் போனை எடுத்தார். கொஞ்ச நேரம் விரலால் தள்ளிப் பார்த்தார். அதிலும் பதில் இல்லை போலிருக்கிறது. பைக்குள் போட்டுக்கொண்டார். “சரி, போங்க. மீசை சார், நீங்க உருளைக்கே போயிடுங்க.” மீசைக்காரர் இரண்டு எட்டில் போய்ச் சேர்ந்தார், இந்த இரண்டு நாளில் அவர் சரியான நேரத்தில் நடந்தது அப்போதுதான்.

பெட்ஷீட் சுடச்சுட வந்தது. ஆளுக்கு இரண்டு முனை. ஒரே உதறு. ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்தார்கள்.

“அப்புறம் அந்த மூணாவது மாடி நர்ஸ் என்ன ஆனா?” என்றாள் அக்கா.

“அதை ஏன் கேக்கற” என்று ஆரம்பித்தாள் தீவுக்காரி. இரண்டு நாள் பாக்கி நிறைய இருந்தது. மேசையில் அடுக்கு அவர்கள் தோள் உயரத்துக்கு வந்தபோதும் கதையில் அந்த நர்ஸ் இன்னும் முதல் மாடிக்கே வந்து சேரவில்லை.